வாசல் வரைக்கும் போகிற கார்டு

இன்று கிட்டாரைத் துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். எவ்வளவு கழுவியும் விரல்களில் கம்பியின் இரும்பு வாசனை போகவில்லை. உன் ஞாபகம் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஓசூர் கம்பெனி ஹாஸ்டலில் சத்தமே கூடாது என்று வார்டன் கறார். ஆம்ப்ளிஃபயர் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் கொசு மாதிரிதான் முனகும். செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்புவதற்கு முன், நம் இருவரில் ஒருத்தி வாசிக்க, இன்னொருத்தி அதன் கட்டையில் காதை ஒட்டிக்கொண்டு கேட்போம். செல்போனில் ஜாஸ் இசை கேட்டுக் கேட்டு, பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கி மீட்டும் கார்டுகளைக் காதால் துழாவித்தான் ஒவ்வொன்றாகப் பிடித்தோம். பெயர் தெரியாததால் நீயே பெயர் வைத்தாய். ஒன்று புளிப்பு, ஒன்று அரைத்தூக்கம், இன்னொன்று கம்பெனி பஸ் திரும்புறது.

எல்லாவற்றையும் ஒரு பாட்டாகக் கோத்தாயிற்று, முடிவுதான் அமையவில்லை. நான் எதைப் பிடித்தாலும் உதட்டைப் பிதுக்குவாய்.

"இது வீட்டுக்குள்ள போயி கதவச் சாத்திக்குதுடி. எனக்கு வாசல் வரைக்கும் போனா போதும்."

"அப்படி ஒரு கார்டே கெடையாது."

"இருக்கும். நம்ம கைக்கு மாட்டல, அவ்ளோதான்."

மஞ்சள் காமாலை என்று உன் ஊர் உத்தனப்பள்ளிக்குப் போன நீ திரும்பவில்லை. ஹாஸ்டல் பெண்கள் நாங்கள் போனபோது உன் அம்மா தெலுங்கில் அழுதுகொண்டிருந்தார். விருதுநகர்க்காரி எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கியிருந்தால் எல்லோரையும் போல நானும் அழுதிருப்பேன். எனக்கு அந்த இழுவை மட்டும்தான் கேட்டது. அது இறங்கி இறங்கி வந்து, முடியாமல் ஓரிடத்தில் நின்றது. நம் பாட்டின் முடிவுக்கு நீ தேடிய அதே இடம். மடியில் கிடந்த என் இடதுகை விரல்கள் தாமாகவே அந்தக் கார்டைப் பிடித்தன. நீ எதிரே கிடக்கிறாய், எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். என்ன பிறவி நான் என்று அன்றைக்கே நினைத்தேன். இன்னும் அந்தச் சந்தோஷத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன வாரம் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கிட்டாரையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார். நம் பாட்டை முழுதாக வாசித்தேன். அம்மா எனக்காகத் தமிழில் கேட்டார்.

"லீவுல வந்தாகூட எதையோ தேடிட்டே இருப்பாளே, இதுதானாம்மா அது?"

"ஆமாம்மா."

"எப்பக் கெடச்சுது?"

"அவ இருக்கும்போதேம்மா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

"நல்லதாப் போச்சு. இன்னொரு தடவ வாசி."

வாசித்தேன். கடைசிக் கார்டு வந்தபோது அம்மாவும் கூடவே முனகினார், பிசகாமல், அன்று அழுகை நின்ற அதே இடத்தில் நின்றார். நான் தலை நிமிரவில்லை. இப்போதும் அந்த இடத்துக்கு விரல் போனால் தலை குனிந்துவிடுகிறது. ஆனாலும் அதை விட்டுவிட்டு வாசிக்க எனக்கு மனசு வரவில்லை.