மதில்மேல் உங்கள் டிபன் டப்பா

என் பிரியமான அப்பாவுக்கு,

திங்கட்கிழமை காலை வாசல் பெருக்கப் போனபோது முதலில் என் கண்ணில் பட்டது உங்கள் டிபன் டப்பாதான். யாரோ கழுவி, மதில்மேல் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மூடி தனியாக, இரண்டு அடுக்கும் தனியாக, பக்கக் கம்பி தனியாக. நீங்கள் போன பிறகு அது அலமாரியின் மேல்தட்டை விட்டு இறங்கியதே இல்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சரி, அம்மா முடிவு செய்துவிட்டாள் என்று நினைத்தேன்.

இந்த மாதம் நம் சர்ச்சின் சபைத் தாளில் உங்கள் நினைவுக்கு அரைப் பக்கம் தருவதாகச் சொன்னார்கள். வழக்கமாக ஒரு போட்டோவும் அடியில் எங்கள் பெயர்களும் போடுவோம். இந்த முறை நான் எழுதித் தருகிறேன் என்றேன். அதைச் சொல்லவே எனக்கு இரண்டு ஞாயிறு ஆயிற்று. அரைப் பக்கத்தில் அடங்காது என்று இப்போதே தெரிகிறது. மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும், அப்பா. நான் உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

எனக்கு நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகப் பட்டப் படிப்பு. நாலு வருஷம், ஹாஸ்டலில் தங்க வேண்டும். வருகிற முதல் தேதி போய்ச் சேர வேண்டும். அன்று வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

இவ்வளவு நல்ல செய்தி இருக்க, ஒரு டப்பாவைப் பார்த்து ஏன் பயந்தாய் என்று கேட்பீர்கள்.

நீங்கள் போன பதினைந்தாம் நாள் பாக்டரியிலிருந்து வெல்ஃபேர் ஆபீஸர் வீட்டுக்கு வந்தார். ரிட்டயர் ஆகும் முன்பே இறந்தவரின் வீட்டில் ஒருவருக்கு வேலை உண்டு, யார் பெயரை எழுத என்று கேட்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான் எங்க சார் போவேன். கையெழுத்துப் போடவே கை நடுங்குது" என்றாள். ரூபிக்கு அப்போது ஒன்பது வயசு. அதனால் என் பெயரை எழுதினார்கள். பதினெட்டு முடியும்வரை இடத்தை வைத்திருப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சுதான். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அம்மா அக்கம்பக்கத்தாரிடம் சொல்வாள்: "இன்னும் ரெண்டு வருஷம். எஸ்தர் வேலைக்குப் போயிட்டா நான் இந்த மெஷினை மூடி வெச்சுடுவேன்."

நான் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. நான் எதைத்தான் சொல்லியிருக்கிறேன்?

ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் இடது கையும் காலும் விழுந்துபோய், நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டு வீட்டில் நின்றபோது எல்லாரும் பாவம் என்றார்கள். எனக்கு உள்ளே பாதி நிம்மதி. எழுந்து நின்று வாசி என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா. பக்கத்து வீட்டில் உறைக்கு ஒரு கரண்டி மோர் கேட்கவே கதவுவரை போய்த் திரும்பி வந்தவள் நான். ஆனால் உங்களைத் துடைப்பதற்கும், சட்டை மாற்றுவதற்கும், படுக்கையிலேயே எல்லாம் செய்வதற்கும் எனக்கு வெட்கம் வரவில்லை. அது ஏன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். படுத்திருப்பவர் முன்னால் எனக்குக் கைகள் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

"ஜாப்பைத் திருப்பறியா? மெதுவாம்மா, டாலரன்ஸ் கம்மி, கொஞ்சம் தப்பினாலும் தாங்காது" என்பீர்கள். லேத்தில் மாட்டிக் கடையும் இரும்புத் துண்டுக்குத்தான் ஜாப் என்று பேர். லேத் முன்னால் இருபது வருஷம் நின்ற டர்னர், படுக்கையிலும் டர்னராகவே இருந்தீர்கள். ஒருநாள் நான் எதுவும் சொல்லாமல் சட்டென்று திருப்பிவிட்டேன். உங்கள் தோள் சுளுக்கிக்கொண்டது. வலி அடங்கியதும், "இரும்புக்குச் சொல்ல வேணாம். மனுஷனுக்குச் சொல்லிட்டுத் திருப்பும்மா" என்றீர்கள். கோபமாகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து நானும் சொல்லிவிட்டே திருப்பினேன்.

அடுத்த வருஷம் டென்த்தைப் பிரைவேட்டாக எழுதினேன். பிறகு மகளிர் ஜூனியர் காலேஜில் உயிரியல். அங்கே கடைசி பெஞ்சில் யார் கண்ணிலும் படாமல் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டேன். பரீட்சை முடிந்ததும் நர்ஸிங் விண்ணப்பம் போட்டேன். ரூபிக்கு மட்டும் தெரியும். அவள் இப்போது எட்டாம் வகுப்பில் போய் உட்காரப் போகிற திமிரோடு, "இன்டர்வியூல நீ வாயே தொறக்க மாட்டே. ஊமைன்னு நினைச்சு பாவம் பாத்து சீட் குடுத்தாதான் உண்டு" என்றாள்.

அவள் சொன்னது கிட்டத்தட்ட நடந்தது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வெள்ளைச் சேலை கட்டிய மேடம். ஏன் நர்ஸிங் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குச் சத்தம் வரவில்லை. ஹைதராபாத் ஆயிற்றே, அடுத்துத் தெலுங்கில் கேட்டார். அப்போதும் வரவில்லை. பக்கத்தில் இருந்த சார் பேனாவை மூடிவிட்டார். கடைசியில் மேடம், வீட்டில் யாரையாவது கவனித்துக்கொண்டதுண்டா என்றார். தலையாட்டினேன். எழுந்திருக்க முடியாதவர் படுத்திருக்கும்போதே விரிப்பை எப்படி மாற்றுவாய் என்று கேட்டார்.

மேஜைமேல் ஒரு பச்சைத் துணி விரித்திருந்தது. நான் அதன் மேலிருந்த ஃபைல்களையும் தண்ணீர் ஜக்கையும் ஒரு பக்கமாக நகர்த்தினேன். அந்தச் சார் தன் டீ கப்பைக் கையில் தூக்கிக்கொண்டார். காலியான பாதித் துணியை ஃபைல்கள்வரை சுருட்டினேன். அடுத்து ஃபைல்களை அந்தச் சுருளைத் தாண்டி இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். அப்போது என்னை அறியாமல் தமிழில், "ஜாப்பைத் திருப்பறேம்ப்பா" என்று சொல்லிவிட்டேன், அப்பா. ஃபைல்களிடம்.

யாரிடம் பேசினாய் என்று மேடம் கேட்டார். பேஷன்ட்டிடம் என்றேன். சொல்லாமல் திருப்பக் கூடாது என்றேன். ஜாப் என்றால் என்ன என்று கேட்டார். "மா நான்ன டர்னரண்டி" என்று தெலுங்கில் சொன்னேன், எங்கப்பா டர்னருங்க என்று. மேடம் சிரிக்கவில்லை. குனிந்து ஏதோ எழுதினார். சார் டீ கப்பைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று கல்லூரியிலிருந்து, இடம் உண்டு என்று. ரூபி அதைப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தபால்காரரிடம் வாங்கி என்னிடம் கொடுத்து, "ஹவ்வா, நிஜமாவா? நீ பேசினியா?" என்று நம்பாமல் கேட்டாள். மற்றது பாக்டரியிலிருந்து, ஸ்டோர்ஸில் ஹெல்பர் வேலைக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொல்லி. அதை அம்மாவே வாங்கினாள். வாங்கி, உங்கள் போட்டோவுக்கு முன்னால் வைத்து ஜெபம் செய்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு என் கடிதத்தை எடுத்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு இடத்துக்கும் டாக்டர் கையெழுத்துப் போட்ட உடல்தகுதித் தாள் வேண்டும். இரண்டு தாளையும் ஒரே உறையில் போட்டு வைத்தேன்.

பரிசோதனை நாளன்று அம்மாவும் கூட வந்தாள். பாக்டரி டாக்டர் உங்களைப் பார்த்த அதே பழைய ஹைதராபாத்துக்காரர், உருதுதான் பேசுவார். தாளை நீட்டினேன். உயரம் பார்த்தார், எடை பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ஒவ்வொன்றாக நிரப்பினார். முத்திரையைக் கையில் எடுத்த பிறகுதான் தாளின் தலைப்பைப் பார்த்தார். "ஏ தோ நர்ஸிங் காலேஜ் கா காகஸ் ஹை, பேட்டா" என்றார். இது நர்ஸிங் காலேஜ் தாளாயிற்றே என்று. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாற்றிக் கொடுத்துவிட்டேன், அப்பா. தெரியாமல்தான் கொடுத்தேனா? உறைக்குள் எது மேலே இருந்தது என்று எனக்கு நினைவில்லை. இத்தனை நாள் யோசித்தும் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஃபிட் தோ ஃபிட்டிச் ஹை. இதர் ஹோ யா உதர்" என்று சொல்லிக்கொண்டே முத்திரையைக் குத்தினார். இங்கே போனாலும் அங்கே போனாலும் நல்ல உடம்பு நல்ல உடம்புதானே என்று. பிறகு பாக்டரித் தாளையும் கேட்டு வாங்கினார். அம்மா எழுந்து, "அது இப்ப வேணாம் சார்" என்றாள்.

பாலாநகரிலிருந்து சனத்நகர் வரும்வரை பஸ்ஸில் அம்மா பாக்டரித் தாளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று. புதன்கிழமை தோறும் மாதர் சங்கக் கூட்டத்துக்கு என்று கிளம்பிப் போனாள். காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்க யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்ததைப் பார்த்து நான் ரூபியைக் கோபித்துக்கொண்டேன். "நக்கோ அக்கா, நான் இல்ல" என்றாள். நான் நம்பவில்லை.

அதனால்தான் திங்கட்கிழமை மதில்மேல் டப்பாவைப் பார்த்தபோது, நாளை முதல் நான் பாக்டரிக்குப் போகிறேன் என்று தீர்மானமாக நினைத்துக்கொண்டேன். உள்ளே போய் கல்லூரிக் கடிதத்தை ட்ரங்க் பெட்டிக்கு அடியில், துணிகளுக்கெல்லாம் கீழே வைத்தேன். பிறகு அடுப்படிக்கு வந்து, முதல் தடவையாக நானே பேச்சை எடுத்தேன்.

"எத்தனை மணிக்கு ஷிஃப்ட்மா?"

"ஏழரைக்கு கேட்டு மூடிடுவாங்களாம்."

"சரி. நான் ஆறரைக்கே கிளம்பிடறேன்."

அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "நீ எங்கடி கிளம்பறே?"

"பாக்டரிக்கு. டப்பா கழுவி வெச்சிருக்கியே."

"அது எனக்கு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "உன் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதச் சொல்லிட்டேன். மூணு புதன்கிழமை நடந்தேன். சனிக்கிழமை ஆர்டர் வந்துடுச்சு."

"மாதர் சங்கம்னு சொன்னியே?"

"அங்கயும் மாதர் இருக்காங்க. ஸ்டோர்ஸ்ல மூணு பேர்."

"தனியாவா போனே? கையெழுத்து?"

"காலண்டரெல்லாம் தீந்துபோற அளவுக்குப் போட்டுப் பாத்தேன். நட்டையும் போல்ட்டையும் சைஸ் பாத்துப் பிரிச்சு அடுக்கணுமாம். இத்தனை வருஷமா அரிசியில கல்லு பொறுக்கினவளுக்கு அதென்ன பெரிய வேலையா? டாக்டர் எனக்கும் ஃபிட்டுன்னுதான் எழுதினார்."

அம்மா திரும்பவும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள். "அன்னிக்கு அவர் முத்திரை குத்தும்போது உன் மூஞ்சியைத்தான் பாத்துட்டிருந்தேன். பயத்துல அழுவேன்னு நினைச்சேன். நீ மூச்சு விட்டே. உங்கப்பா போனதுல இருந்து நீ அப்படி மூச்சு விட்டு நான் பாக்கலை. வாயைத் தொறந்து என்கிட்ட சொல்றதுக்கு என்னடி உனக்கு?"

கதவருகில் நின்ற ரூபி, "காலண்டர் நான் கிறுக்கலன்னு சொன்னேன்ல?" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மற்ற செய்திகள். ட்ரங்க் பெட்டிக்கு நீலப் பெயின்ட் அடித்துக் காயவைத்திருக்கிறோம். கல்லூரிப் பட்டியலில் இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்கிறது. வெள்ளை யூனிபார்ம் நான்கும் அம்மாவே தைத்துவிட்டாள், தட்டு, டம்ளர், கொசுவலை எல்லாம் வந்தாயிற்று. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், வளையல் கூடாது என்று எழுதியிருக்கிறது. நொடி முள் உள்ள கடிகாரம் வேண்டுமாம், நாடி பார்க்க. உங்களுடையதைக் கட்டிக்கொள்கிறேன். வாரில் கூடுதலாக இரண்டு துளை போட்டும் அது முழங்கை வரை ஓடுகிறது. ஹாஸ்டலில் ஒரு அறைக்கு ஆறு பேராம், அதை நினைத்தால் கொஞ்சம் பயம்தான். ஆனால் படிப்பை நினைத்தால் பயமில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எந்த வார்டில் என்னை நிறுத்தினாலும், எவ்வளவு வெட்கமாக இருந்தாலும், படுத்திருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லாமல் அவரைத் திருப்ப மாட்டேன். தூங்குகிறவராக இருந்தாலும் சொல்லுவேன். நினைவில்லாதவராக இருந்தாலும் சொல்லுவேன்.

அன்று சாயங்காலம் டப்பாவை உள்ளே எடுத்துவந்தேன். மதியம் எல்லார் டப்பாவும் ஒரே மேஜையில் இருக்கும், மாறிவிடும் என்று மூடியில் உங்கள் பாக்டரி டோக்கன் நம்பரை நீங்கள் பொறித்து வைத்திருந்தது அப்படியே இருந்தது. அம்மாவின் வேலை ஆர்டரை எடுத்து அவளுடைய டோக்கன் நம்பரைப் பார்த்தேன். ஒரு ஆணியை எடுத்து, உங்கள் நம்பருக்குக் கீழே அம்மாவின் நம்பரை அழுத்திக் கீறினேன்.

உங்கள் மூத்த மகள்,
எஸ்தர்