மூன்று சுவர்க் கடை

அக்டோபர் 14, செவ்வாய்

நேற்றைய நன்றித் திருநாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழிதான் இன்றும். நாளைக்கும் அதுதான் என்பது என் மனைவி ராண்டாவின் முகத்திலேயே தெரிந்தது. ரத்த அழுத்தத்தைத் தினமும் குறித்து வைக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த நோட்டு இது. எண்ணைப் பார்த்தால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. அதனால் எண்ணை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

மாலை ஊர்மன்றக் கூட்டம். ஜெயித்துவிட்டேன். கிராண்ட் சென்ட்ரல் ஹோட்டலை இடிப்பதென்று தீர்மானம். மண் உறைந்து இறுகியதும், ஜனவரியில் இயந்திரம் வரும். என் கடைக்கு ஒட்டினாற்போல் நிற்கும் மூன்று மாடிச் செங்கல் பூதம். கிராண்டும் இல்லை, ஊருக்கு சென்ட்ரலும் இல்லை. எனக்குத் தலையில் முடி இருந்த காலத்தில் மூடியது. உடைந்த ஜன்னல், புறா, மழைக்கு ஒரு நாற்றம், வெயிலுக்கு வேறொரு நாற்றம்.

மனு என்னுடையது. கையெழுத்து வாங்கியதும் என் கடைக் கவுன்டரில்தான். ஐஸில் சறுக்கும் ஸ்கேட்டின் கத்தியைத் தீட்ட வந்தவன் தீட்டி முடிக்கும்வரை சும்மா எத்தனை நேரம் நிற்பான்? கையெழுத்துப் போடுவான். ஒரு முழு ஒட்டுப்பலகையில் சிவப்பு பெயின்டால் ‘இடித்துத் தள்ளுங்கள் — லாயிட்’ என்று எழுதி என் ஜன்னலில் வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்துக்கு நன்றாகவே வந்திருக்கிறது.

எதிர்த்துப் பேசியது ஒரே ஆள். என் மகள் டெஸ். ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் குழுவுக்கும் அவள்தான் எல்லாம். குடியிருப்பது என் கடை மாடியில். ஜன்னல் வளைவு, தகரத்தில் அடித்த பூவேலை என்று அழகாகத்தான் பேசினாள். நான் எழுந்து, “புறாவுக்கெல்லாம் ஓட்டு இருந்தா நீதாம்மா ஜெயிச்சிருப்பே” என்றேன். சபையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

மாடிப்படியில் எதிரே வந்தாள். “குட் மார்னிங், மிஸ்டர் மகெக்ரன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா என்று சொல்லவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஸ்கேட் தீட்டும்போது பறக்கும் இரும்புத் தூளை வெளியே தள்ள ஒரு குழாய் போடலாம் என்று கிராண்டை ஒட்டிய சுவரில் துளை போட ஆரம்பித்தேன். தெருவிலிருந்து பார்த்தால் என் கடைக்கும் கிராண்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு தெரியும். அதன் மேல் மழைத்தண்ணீர்க் குழாய். அது பூனை போகிற அளவுக்கு ஒரு சந்து என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எந்தப் பூனையும் போய்ப் பார்த்ததில்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா?

துளைத்தேன். செங்கல். இன்னும் செங்கல். நீளமான டிரில்லை மாட்டித் திரும்பவும் துளைத்தேன். சட்டென்று கை முன்னால் போய்விட்டது. அப்பாடா, சந்து வந்துவிட்டது.

சந்து பேசியது.

“அப்பா? அது நீங்களா?”

“டெஸ்? நீ எங்கேருந்து பேசறே?”

“கிராண்டுல. சாப்பாட்டு ஹால்ல. இடிக்கறதுக்குள்ள போட்டோ எடுத்து வைக்கலாம்னு வந்தேன். உங்க டிரில்லு என் மூக்குக்கு நேரா வந்து நிக்குது. சுவத்துல இருந்த பூ ஒண்ணு போச்சு.”

“சந்து எங்கே?”

“எந்தச் சந்து?”

அந்தப் பக்கம் போனேன். அவளிடம்தான் சாவி. பூப்போட்ட காகிதம் ஒட்டிய சுவரில் என் டிரில் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே காரை உதிர்ந்த இடத்தில், செங்கல்லுக்கு நடுவே வரிசையாகக் கட்டைகளின் நுனி தெரிந்தது. கிராண்டின் கட்டைகள் என்று நினைத்தேன். டெஸ் டார்ச் அடித்துக் காட்டினாள். ஒன்று விட்டு ஒன்று என்னுடையது. என் மாடியைத் தாங்கும் கட்டைகள். எனக்கென்று ஒரு சுவர் அந்தப் பக்கம் இல்லை, இருந்ததும் இல்லை. இரண்டு கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே சுவர்.

“இத எடுத்தா என் கட்டில் தெருவுல நிக்கும்ப்பா” என்றாள்.

மூன்று வாரம் கழித்து அப்பா என்கிறாள். அந்த நேரத்திலும் அது காதில் விழுந்தது.

நவம்பர் 6, வியாழன்

இடிக்கும் வேலையை எடுத்திருப்பவன் ராஸ் பிக்ஸ்பி. என்னோடு கிழவர்கள் ஐஸ் ஹாக்கி அணியில் தடுப்பாட்டம் ஆடுபவன். அடிக்கும் வட்டு எங்கே போகிறதென்று அவனுக்கு எப்போதுமே தெரியாது. யாருக்கோ கேட்பதுபோல, ஒட்டின கட்டடம் என்றால் எப்படி இடிப்பாய் என்று விசாரித்தேன்.

“கேக் வெட்டற மாதிரி வெட்டி எடுத்துடுவேன், லாயிட். நீ கவலையே படாதே.”

அவன் கேக் வெட்டி நான் பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

துளை போட்ட இடத்திலிருந்து மாடிவரை சுவரில் ஒரு விரிசல். புதிதா, பழையதா? நான் போட்டதா? முன்பு அந்த இடத்தில் ஸ்கேட் அலமாரி இருந்தது, பார்த்ததே இல்லை. சுவர் நகர்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி செய்தேன். விரிசலுக்குக் குறுக்கே ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் டேப்பை ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் டேப் கிழியும். கிழியாவிட்டால் நிம்மதி. தினமும் காலையில் கடை திறந்ததும் முதலில் டேப்பைப் பார்க்கிறேன். கிழியவில்லை.

நவம்பர் 19, புதன்

கிழியவில்லை. நிம்மதி.

நவம்பர் 20, வியாழன்

டெஸ் கடைக்குள் வந்து டேப்பைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“அப்பா, ஹாக்கி டேப்ப எதுக்குச் செய்யறாங்க?”

“ஒட்டறதுக்கு.”

“இழுத்து ஒட்டறதுக்கு. இது துணிப்பா. சுவரு பாதி தெருவுக்கே போனாலும் இது இழுபட்டுக்கிட்டே பின்னாலயே போகும்.”

உரித்துப் பார்த்தோம். அடியில் விரிசல் வாய் அகன்றிருந்தது. நான் ஒட்டியபோது போஸ்ட்கார்டு நுழையாத இடத்தில் இப்போது அட்டைப் பெட்டி ஓரம் நுழைகிறது. இந்த ஊரில் எது உடைந்தாலும் முதலில் ஹாக்கி டேப்தான். கார் கண்ணாடி, கதவுப் பிடி, ஒருமுறை என் கட்டைவிரல். சுவருக்குச் சுற்றிய முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பழைய போட்டோச் சட்டத்துக் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, குறுக்கே பசை போட்டு ஒட்டினாள். கீழே ஒன்று, அவள் படுக்கையறையில் ஒன்று. கண்ணாடி இழுபடாது. சுவர் நகர்ந்தால் உடையும்.

வீட்டுக்கு வந்துவிடு, உன் பழைய அறை அப்படியே இருக்கிறது என்றேன்.

“நான் வந்துட்டா நீங்க யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாம சும்மா இருந்துடுவீங்க. எனக்கு உங்களத் தெரியாதா?”

தெரியும்தான் போலிருக்கிறது.

நவம்பர் 27, வியாழன்

செவ்வாய்க்கிழமை மன்றக் கூட்டம். போகலாமா? போய் என்ன சொல்ல? ஐயா, நான் இடிக்கச் சொன்னது என் சுவரைத்தான், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றா? போன மாதம் புறாவுக்கு ஓட்டு என்று சொல்லிச் சிரிக்க வைத்த அதே இடத்தில் நின்றா? மேயர் எர்வின் எங்கள் அணியின் கோல்கீப்பர். சாகும்வரை இதைச் சொல்லிக் காட்டுவான். சவ அடக்கத்திலும் சொல்வான்.

பலகை இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது. எடுத்தால் ஏன் எடுத்தாய் என்பார்கள்.

சாப்பிடும்போது ராண்டா தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: “உனக்கு மானம் பெருசா, மாடியில தூங்கற புள்ள பெருசா?”

பதில் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்ததே எனக்கு வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

போனேன்.

நான் எழுந்ததும் எர்வின், “என்ன லாயிட், கிறிஸ்மஸுக்குள்ளயே இடிக்கணுமா?” என்றான். சிரிப்பு மூட்டுவதுபோல ஆரம்பிக்கலாம் என்று வீட்டிலேயே ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். அது வரவேயில்லை.

“அது என் சுவரு எர்வின். எனக்கு மூணு சுவருதான் இருக்கு. நாலாவது அது. அது போச்சுன்னா எம் பொண்ணு தூங்கற இடம் போச்சு. நான் பார்க்காம கத்திட்டேன்.”

யாருமே சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம். பிறகு பின்வரிசையிலிருந்து ராஸ், “அப்ப கேக்குல பாதி உன்னுதா?” என்றான். அதற்குத்தான் சிரித்தார்கள். எனக்கும் மூச்சு வந்தது.

முடிவு: பனி கரைந்தபின் இன்ஜினியரை வரவழைத்துப் பார்ப்பது. அதுவரை இடிப்பு நிறுத்தம். ஆனால் ஒரு நிபந்தனை. கிராண்டின் கூரையில் பின்பக்கம் ஓட்டை இருக்கிறது. குளிர்காலத்தில் கூரை இறங்கிவிட்டால் ஆபத்துக் கட்டடம். இன்ஜினியரும் இல்லை, கேள்வியும் இல்லை, மறுநாளே இயந்திரம்.

அதாவது இனி எல்லாம் பனியின் கையில். பனி எப்போது யார் கையில் இருந்தது?

வீட்டுக்கு வரும் வழியில் டெஸ் என் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டாள். சின்ன வயதில் செய்வாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

என் பெயர் இப்போது மூணு சுவரு. காபிக் கடையில் அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு பொடியன் ஸ்கேட்டை நீட்டி, “அம்மா மூணு சுவரு அங்கிள்கிட்ட குடுக்கச் சொன்னாங்க” என்றான். கேலி செய்யவில்லை, பெயரே அதுதான் என்று நினைத்திருக்கிறான்.

பலகையை எடுத்துவிட்டேன். கவுன்டருக்குப் பின்னால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 10, சனி

பனி. கண்ணாடி இரண்டும் நன்றாக இருக்கின்றன.

ஜனவரி 18, ஞாயிறு

பனி, அதற்கு மேல் மழை, அதற்கு மேல் பனி. இதுதான் கனம். கிராண்டின் கூரை என் பக்கமாகத்தான் சரிகிறது. எல்லாம் வழிந்து என் சுவரோரம் குவிகிறது. வானிலைச் செய்தியை மணிக்கொரு முறை கேட்கிறேன். ராண்டா ரேடியோவை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். காரில் போய்க் கேட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் டெஸ் போன் செய்தாள். குரல் அமைதியாக இருந்தது, அதுதான் பயம். “அப்பா, மாடிக் கண்ணாடி உடைஞ்சிருக்கு.”

முந்தின நாளிலிருந்து விடாமல் கொட்டுகிறது. பள்ளி இல்லை, சாலை இல்லை. என் தெருவைத் தாண்டவே முழங்கால்வரை புதைந்தேன். மாடிக்கு ஓடிப்போய் அவளை வெளியே இழுத்துவிட்டுத்தான் கண்ணாடியைப் பார்த்தேன். குறுக்கே சுத்தமாக ஒரு கோடு. அண்ணாந்து பார்த்தால் கிராண்டின் கூரைமேல் இன்னொரு கூரை உயரத்துக்குப் பனி.

யாரைக் கூப்பிடுவது? எர்வினைக் கூப்பிட்டேன். அவன் மற்றவர்களைக் கூப்பிட்டான். பத்து மணிக்குள் கிழவர்கள் அணி மொத்தமும் மண்வாரியோடு தெருவில் நின்றது. ஏணி யாரிடம்? ராஸிடம்தான்.

“இடிக்கக் கூப்பிட்ட வீட்டுக்குப் பெருக்க வந்திருக்கேன். கூலி யார் தரப் போறா, மூணு சுவரு?”

“ஸ்கேட் தீட்டித் தர்றேன்.”

“என் ஆட்டத்துக்குத் தீட்டினா என்ன, தீட்டாட்டி என்ன.”

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலே ஏறித் தள்ளினோம். என்னை ஏறவிட மாட்டேன் என்றார்கள், ஏறினேன். ஒவ்வொரு வாரிக்கும் காலடியில் அந்தக் கட்டடம் முனகுவது கேட்டது. சிவப்பு பெயின்டில் திட்டிய அதே கட்டடத்தை, விழாதே, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று மூச்சுக்கு மூச்சு கெஞ்சினேன்.

தள்ளி முடித்ததும் பின்பக்க ஓட்டை தெரிந்தது. நினைத்ததைவிடப் பெரியது. அதை மூடாவிட்டால் இதெல்லாம் வீண், நாளைக்கும் பனி என்கிறார்கள். மரக்கடை மூடியிருந்தது. பலகைக்கு எங்கே போவது?

கீழே தெருவில் டெஸ் நின்றாள். தலைக்கு மேல் என் ஒட்டுப்பலகை. “அப்பா, இது அளவு பத்துமா?”

எழுத்து ஊருக்கே தெரியும்படி தூக்கிப் பிடித்திருந்தாள். வேண்டுமென்றேதான்.

அளவு சரியாக இருந்தது. எழுத்தை உள்பக்கம் வைத்து அடி என்று ராஸிடம் சொன்னேன். வெளியே தெரிந்தால் இன்னொரு பெயர் வைத்துவிடுவார்கள். மேலே தார்த்தாள் போட்டு மூடினோம்.

டெஸ் இன்று எங்கள் வீட்டில், பழைய அறையில். முதுகு வலிக்கிறது. பயம் இன்னும் போகவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

புதுக் கண்ணாடி ஒட்டியாயிற்று.

மார்ச் 1, ஞாயிறு

உடையவில்லை. நிம்மதி என்று எழுதமாட்டேன். போனமுறை எழுதித்தான் பார்த்தோமே.

ஏப்ரல் 16, வியாழன்

இன்ஜினியர் அம்மாள் வந்திருந்தார். சின்னப் பெண்தான், டெஸ்ஸைவிடச் சின்னவள். எர்வின், ராஸ், டெஸ், நான் எல்லோரும் பின்னாலேயே நடந்தோம். என் துளை வழியாகக் கண்ணை வைத்து என் கடையைப் பார்த்தார். கட்டைகளைத் தட்டினார்.

சாப்பாட்டு ஹாலில் நின்று ஒருவழியாகச் சொன்னார். சுவரில் பழுது இருக்கிறது, இரும்புக் கம்பி கொடுத்து இறுக்கினால் நிற்கும். “ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டுதான் இவ்வளவு காலம் நின்னிருக்கு. எத இடிச்சாலும் இன்னொண்ணு தாங்காது. கூரையச் சரி பண்ணுங்க, பூட்டி மட்டும் வைக்காதீங்க.” எர்வின் தலையை ஆட்டினான். தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் திரும்பப் பெறுகிறார்களாம். சாப்பாட்டு ஹாலை முதலில் சரி செய்து, கிழவர்கள் அணிக்குக் காபி ஊற்ற ஒரு மூலை ஒதுக்கலாம் என்று ராஸ் சொல்கிறான். இடிக்க வந்தவனுக்கு வேலை வேண்டுமே.

கூரையைப் பார்க்க மூன்றாம் மாடிக்குப் போனோம். அவர் டார்ச்சை மேலே அடித்தார். அப்படியே நின்றுவிட்டார். மறந்தே போயிருந்தேன்.

“இடித்துத் தள்ளுங்கள்” என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு, “லாயிட்னா யாரு?”

ராஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது.

“எங்கப்பா” என்றாள் டெஸ். “இந்தக் கட்டடத்துக்காரர்.”

இந்தப் பலகையை எடுத்துவிட்டு நல்லதாக ஒன்று போடச் சொல்லட்டுமா என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். கிட்டே போய் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

“ஒழுகலையே, இருக்கட்டும்” என்றேன்.