கேப்டன் பேசிய ஆறு நிமிஷம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறார், படியைக் கட்டியது நான்தான் என்பது போல. பக்கத்து வீட்டு டீச்சர் வீடு மாறிப் போய்விட்டாள், போகும்போது உன்னை விசாரித்தாள். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், போன ஞாயிற்றுக்கிழமை அதுதானே நடந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீ எழுதிய பகுதி வருகிறது என்று ஒரு வாரமாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். பதினாலு வருஷமாக டிவியில் ஓடுகிற விண்வெளித் தொடர், அதில் என் மகள் பெயர் வருகிறது என்றால் சும்மாவா. உன் சித்தியை வரச் சொன்னதும் நான்தான், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பாவி, கல்யாண வீட்டுக்கு வருகிறவள் மாதிரி தலைவாரி, இருக்கிறதில் நல்லதை உடுத்திக்கொண்டு சாயங்காலமே வந்து சோபாவில் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் உன் விண்கப்பலில் ஒரு சலவைக்கூடம் வந்தது. அங்கே வேலைநிறுத்தம். எல்லாரும் வாசலில் நிற்க, ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறாள். போய் விரிப்பை மடிக்கிறாள், மூலையை இரண்டு விரலால் பிடித்து ஒரு உதறு உதறி, மடிப்பை முழங்கையால் ஒரு தேய் தேய்க்கிறாள். உலகத்தில் அப்படி மடிக்கிறவள் ஒருத்திதான், அவள் என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் உன் கேப்டன் வந்தாள், பேச ஆரம்பித்தாள். துரோகம் என்றாள், ஒற்றுமை என்றாள், வரலாறு மன்னிக்காது என்றாள், வருங்காலத் தலைமுறை என்றாள். ஆறு நிமிஷம், அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அந்தச் சலவைக்காரி பதிலுக்கு ஒரு வார்த்தை பேச நீ விடவில்லை. கடைசியில் அவளை ஒரு சின்னக் கலத்தில் ஏற்றி இருட்டுக்குள் அனுப்பிவிட்டு எல்லாரும் கை தட்டினார்கள். உன் சித்தி எழுந்து போய்த் தன் டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். பிள்ளைக்கு நல்ல ஞாபகசக்தி என்று மட்டும் சொன்னாள். ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் என் செருப்புமாகத் தெருவில் இறங்கிப் போனாள்.

உடனே உனக்குப் போன் போட்டேன். நீ என்ன சொன்னாய், நீயும் தொடரைத் திட்டுகிற அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாயா அம்மா என்றாய். ஏன்டி, என்னைப் போய் அவர்களோடு சேர்க்க உனக்கு எப்படி வாய் வந்தது. அவர்கள் கேப்டன் ஒரு பொம்பளையாக இருப்பதற்கே திட்டுகிறவர்கள். நான் வேலைநிறுத்தத்தில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வாசலில் ஐம்பத்திரண்டு நாள் நின்றவள், கைக்கு உறை வேண்டும், ஆவி வெளியே போக விசிறி வேண்டும் என்று தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினவள். கொள்கையில் எனக்கு நீ வகுப்பெடுக்காதே. நீ சொல்ல வருகிறது அத்தனையும் எனக்குச் சம்மதம், அதனால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. நமக்கு ஆகாதவன் இவ்வளவு மோசமாக எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே தொடரில் ஒரு பகுதி வந்தது, இரண்டு ஊருக்கு ஒரே தண்ணீர்க் குழாய், தண்ணீர் கெட்டுப்போனது ஒரு கிழவனுக்கு மட்டும் தெரியும், வெளியே சொன்னால் இரண்டு ஊரும் இடம் பெயர வேண்டும். அவன் யாரிடமும் ஒன்றும் பேசவில்லை, குழாயை மூடிவிட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான், அவ்வளவுதான். மறுநாள் சலவைக்கூடத்தில் நாங்கள் ஐந்து பேர், ஆளுக்கொரு கட்சி, அவன் செய்தது சரியா தப்பா என்று சூப்பர்வைசர் வந்து முறைக்கும்வரை சண்டை போட்டோம். இப்போது உன் தொடரைப் பார்த்துவிட்டு யார் சண்டை போடுகிறார்கள், பிடித்தவர்கள் கை தட்டுகிறார்கள், பிடிக்காதவர்கள் சேனலை மாற்றுகிறார்கள். மூன்று கண் உள்ளவனும் அதையே பேசுகிறான், இயந்திர மனுஷியும் அதையே பேசுகிறாள், துண்டு நோட்டீசுக்குச் சட்டை மாட்டி நடக்க விட்டது போல இருக்கிறது. முப்பது வருஷம் பஸ் ஓட்டின உன் அப்பாவுக்கு ஒரே ஒரு கவலைதான், எல்லாரும் இப்படி நின்று பேசிக்கொண்டே இருந்தால் கப்பலை யார் ஓட்டுகிறது என்று கேட்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சித்தியின் செருப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் வேலையை நிறுத்தி வாசலில் நின்றபோது நீ மட்டும் ஏன் உள்ளே போனாய் என்று கேட்டேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன், அந்த வெட்கத்தை என்னவென்று சொல்ல. இருபத்து மூன்றாம் நாள் தீக்காய வார்டு நர்ஸ் அவளுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். சுத்தமான விரிப்பு ஒன்றுகூட இல்லை, பழைய விரிப்பு காயத்தில் ஒட்டிக்கொள்கிறது, எடுத்தால் தோலோடு வருகிறது என்றாளாம். இவள் உள்ளே போய், காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணிவரை தனியாக நின்று அந்த ஒரு வார்டுக்கு மட்டும் துவைத்து, தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகூடப் போடவில்லை. மறுநாளிலிருந்து மறுபடியும் எங்களோடு வாசலில் வந்து நின்றாள், சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைப் பக்கம் ஒதுங்கி. நாங்கள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் ஆறு வருஷம் பேசவில்லை, உனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனபோது அவளாகவே வந்து ராத்திரி பகலாக உன் பக்கத்தில் உட்காரும்வரை.

அடுத்ததை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. உன் கேப்டன் பேசிய அந்த ஆறு நிமிஷமும் நான் பேசியது. சமையலறையில் நின்றுகொண்டு, அவள் என் கூடப் பிறந்தவளே இல்லை, அவள் நிர்வாகத்து ஆள், இவளை வரலாறு மன்னிக்காது என்று தினமும் கத்தினேனே, ஒன்பது வயசில் நீ தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாய். டிவியில் என் வாயே என்னைப் பார்த்துப் பேசியது. அதற்காக உன்மேல் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. நான் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பேசினேன், வாசலில் நின்று நின்று கால் வீங்கிப் பேசினேன், உட்கார்ந்து யோசிக்க எனக்கு ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. உனக்கு ஒரு அறை, ஒரு மேஜை, ஏழு எழுத்தாளர்கள், ஆறு மாசம் கொடுத்தார்கள். அத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூட, சரி, இவள் ஏன் உள்ளே போகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லையா. கொள்கை சரியாக இருந்தால் கேள்வியே கேட்க வேண்டாமா. அவள் கையை எடுத்துக்கொண்டாய், மடிக்கிற விதத்தை எடுத்துக்கொண்டாய், வாயை மட்டும் விட்டுவிட்டாயே.

அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நானும் பெரிதாக ஆரம்பித்தேன். அன்னைக்கு நாம எல்லாரும் ஒரு பெரிய போராட்டத்துல இருந்தோம் என்று தொடங்கியதும், அக்கா, போதும், வசனம் வேண்டாம் என்றாள். நீங்க நின்னதும் சரிதான், நான் போனதும் சரிதான், ரெண்டும் சரியா இருந்ததுதான் எனக்குத் தாங்கல என்றாள். இந்த ஒரு வரி உன் ஆறு நிமிஷத்தில் இல்லை. வார்டில் அன்றைக்குப் பதினோரு பேர் இருந்தார்களாம், அதில் இரண்டு குழந்தைகள், அதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லு என்றாள். சொல்லிவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு அடுத்த வருஷம் அந்தச் சலவைக்காரியைத் திரும்பக் கூட்டிவந்து, அவளைத் தெய்வமாக்கி, கேப்டனை இன்னொரு ஆறு நிமிஷம் மன்னிப்புக் கேட்க வைக்காதே, டிவியைத் தூக்கித் தெருவில் போட்டுவிடுவேன். உன் கையில் எழுத்து இருக்கிறது, அது எனக்குத் தெரியும், இல்லாவிட்டால் இவ்வளவு கோபம் எனக்கு ஏன் வரப்போகிறது. நீ நன்றாக இருக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல், நாலு பேர் படிக்கிற மாதிரி நல்லதாக எழுதி நிறைவாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்கிறார். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, சித்தி மதியம் மூன்று மணிக்கு மேல் சும்மாதான் இருப்பாள். போன் பண்ணு. விளக்கம் சொல்லாதே, கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. அவள் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் குறுக்கே வாய் திறக்காதே.

கோபத்தோடும் ஆசையோடும்,
உன் அம்மா