சனிக்கிழமை மட்டும் நிற்கும் ஹீட் பம்ப்

ஈசல்மி
25 ஜனவரி 2026, ஞாயிறு

அன்புள்ள மகன் ஒஸ்காரிக்கு அம்மா எழுதுவது. நானும் நலம், வீடும் நலம், வெளியே மைனஸ் இருபத்தேழு, உள்ளே நானும் வீடும் இருபத்தொரு டிகிரியில் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே வான்கூவரில் நீயும் டெனிஸும் குட்டி ஐடாவும் சுகம்தானே, ஐடாவுக்கு இருமல் விட்டதா, விடாவிட்டால் டாக்டரிடம் காட்டு, தேன் கொடுத்தே நாளைக் கடத்தாதே. நீ அனுப்பிய பத்திரம் போன வாரமே வந்து சேர்ந்தது. வீட்டை விற்க உனக்கு அதிகாரம் கொடுத்து நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வேறு போட்டிருக்கிறாய், கண் தெரியாதவளுக்குக் காட்டுவதுபோல. வாங்குகிறவர்களுக்கு அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறாய். சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேள். போனில் என்றால் நடுவில் குறுக்கே விழுவாய், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஹீட் பம்ப் அக்டோபரிலிருந்து மக்கர் பண்ணுவது உனக்குத் தெரியும். நன்றாகச் சூடு ஊதிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்று திரையில் ஒரு எண்ணைக் காட்டும். மறுநாள் காலையில் ஃபியூஸை இறக்கி ஏற்றினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். ரிப்பேர்காரர் சாம்ப்சா செவ்வாய்க்கிழமை காலை வருவார், அந்த எண்ணைக் கையேட்டில் தேடுவார், கன்ட்ரோல் போர்டு போயிருச்சு என்பார், புதுசு மாட்டுவார், காபி குடிப்பார், போவார். இப்படி இரண்டு போர்டு மாற்றியாயிற்று. மூன்றாம் தடவை வந்து, அக்கா இதுக்கு மேல இதுல மெனக்கெட முடியாது, மொத்தமா கழட்டிட்டு வேற மெஷின் போடுங்க, இல்லன்னா பிள்ள சொல்றாப்ல ஃபிளாட் பாத்துப் போயிருங்க என்றார். நீ அவரிடம் பேசியிருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சுருக்கென்றது ஒஸ்காரி, அதை மறைக்க மாட்டேன். என் வீட்டைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் பேசி முடிவுகட்டியிருக்கிறீர்கள்.

நான் யார் என்பது உங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. இருபத்துமூன்று வருஷம் தொழிற்சாலையில் லென்ஸ் வைத்து சர்க்கிட் போர்டுகளைச் சோதித்து, இது தேறும் இது தேறாது என்று பிரித்துப் போட்டவள் நான். கழற்றிய இரண்டு போர்டுகளையும் குப்பைக்கு விடாமல் சமையலறை மேசையில் போட்டு ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். பற்றவைத்த ஈயமெல்லாம் பளபளவென்று இருக்கிறது, கெப்பாசிட்டர் ஒன்றுகூட உப்பவில்லை, கருகல் இல்லை, விரிசல் இல்லை. ஒரு போர்டு கெட்டுப்போகலாம், அது சகஜம். அடுத்தடுத்து வந்த போர்டும் அதே மாதிரி படுத்தால் வேறு எதுவோ அதைப் படுக்க வைக்கிறது என்றுதானே அர்த்தம். அதனால் சுவரில் இருந்த காலண்டரை இறக்கி, பம்ப் நின்ற நாளையெல்லாம் நினைவுபடுத்தி வட்டம் போட்டேன். எல்லாம் சனிக்கிழமை. நவம்பரில் ஒரு சனிக்கிழமை மட்டும் நிற்கவில்லை, அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். புதன்கிழமை ஒன்று நின்றிருக்கிறது, எது என்று பார்த்தால் டிசம்பர் இருபத்துநாலு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்ச்சலில் நான் சவ்னாவுக்கு, அந்த நீராவிக் குளியலுக்கு, போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இந்த நாட்டில் சவ்னாவுக்குப் போகாதவர் யார்?

போன வாரம் சனிக்கிழமை என் வாழ்நாளில் முதல் தடவையாக சவ்னாவின் மின்சார அடுப்பைப் போட்டுவிட்டு உள்ளே போகாமல் வெளியே நின்றேன். பம்புக்குப் பக்கத்து பிளக்கில் உன் அப்பா விட்டுப்போன மல்டிமீட்டரைச் சொருகினேன். அடுப்பு போடுவதற்கு முன் 229 வோல்ட், போட்டதும் 220, கல் சூடேறச் சூடேற 207, அப்புறம் 194, ஆறரை மணிக்கு 178, பம்ப் நின்றது. அடுப்பை அணைத்தேன், மீட்டர் ஏறிவிட்டது. எழுதக் கையில் அகப்பட்டது உன் பத்திரம்தான், அதன் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மின்சாரம் பாதியில் எங்கேயோ தேங்குகிறது, போர்டு பாவம் போதவில்லை என்று கத்திவிட்டு நிற்கிறது, நாம் கத்தினவனையே மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

சாம்ப்சாவுக்கு போன் பண்ணி அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வா தம்பி என்றேன். அக்கா வெளையாடுறீங்களா, அந்நேரம் தீயணைப்பு வண்டிக்காரன்கூட சவ்னாலதான் உக்காந்திருப்பான் என்றார். அதான் தம்பி சங்கதியே, அந்நேரம் ஒருத்தனும் அளந்து பாக்கல, நீயும் ஆவில இருக்கே நானும் ஆவில இருக்கேன், மெஷின் மட்டும் தனியா நின்னு சாகுது என்றேன். போர்டுன்னு கையேட்டுலயே போட்டிருக்கே என்று இழுத்தார். கையேடு எழுதினவன் என் வீட்டுக்கு வந்து குளிச்சானா என்று கேட்டேன். சரி அக்கா, வர்றேன் என்றார். வேலை முடிந்ததும் சவ்னா உனக்குத்தான், சம்சாரத்தையும் கூட்டிவா என்று சொல்லி வைத்தேன். அடுத்த வீட்டு ரைலி கேள்விப்பட்டுவிட்டு, என்னடி கெர்த்து, இந்த வயசுல சனிக்கிழமை ஆம்பளய வீட்டுக்கு அழைக்கிறே என்று கேலி பண்ணினாள்.

நேற்று வந்தார். மீட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றார், எண் 180க்கு இறங்கியது. பிறகு நேரே ஃபியூஸ் பெட்டிக்குப் போய் மெயினை அணைத்து மூடியைக் கழற்றினார். உள்ளே சவ்னாவுக்கும் பம்புக்கும் சேர்த்து மின்சாரம் போகும் ஒயரின் திருகாணி கையாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது, சுற்றியிருந்த பிளாஸ்டிக் காபி நிறத்தில் கருகி நாற்றம் அடித்தது. அந்தக் காலத்து அலுமினிய ஒயர், சவ்னா அடுப்பு இழுக்கும்போதெல்லாம் அந்த இடம் கொதித்திருக்கிறது. இன்னும் ஒரு குளிர்காலம் போயிருந்தா வீடே பத்தியிருக்கும் அக்கா, நான் போர்டுதான்னு அடிச்சுப் பேசினேனே, மன்னிச்சிருங்க என்றார். நீ பயந்ததில் பாதி நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பார், புது மெஷின் வாங்கியிருந்தால் அதுவும் சனிக்கிழமை நின்றிருக்கும். வீட்டை விற்றிருந்தால் இரண்டு பிள்ளைகளோடு குடிவருகிற அந்தக் குடும்பம் முதல் சனிக்கிழமையே இந்த அடுப்பைப் போட்டிருக்கும். கருகின முனையை வெட்டிப் புது இணைப்பு போட்டார். அடுப்பு முழு வேகத்தில் எரிகிறது, மீட்டர் 226. பம்ப் இன்றைக்கு இதை எழுதுகிறவரை நிற்கவே இல்லை. புருஷனும் பெண்சாதியும் எட்டு மணிவரை சவ்னாவில் உட்கார்ந்துவிட்டு சாசேஜ் தின்றுவிட்டுப் போனார்கள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்கு எப்போது கூப்பிடுகிறாய்? சனிக்கிழமை இங்கே இரவு ஒன்பது மணிக்கு, உனக்குக் காலைக் காபி ஆன நேரத்தில். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் கூப்பிட்டாய். நான் பம்ப் நின்ற வீட்டில் ஈரத்தலையும் கோட்டுமாக விறகடுப்பை ஊதிக்கொண்டு உன்னிடம் பேசியிருக்கிறேன், நீ போன் திரையில் அதைப் பார்த்து அம்மா இப்படித்தான் கிடக்கிறாள் என்று டெனிஸிடம் சொல்லியிருக்கிறாய். சாம்ப்சா பம்ப் ஓடுகிற நாளில் மட்டும் வந்து பார்த்தார், நீ அது நின்ற நாளில் மட்டும் என்னைப் பார்த்தாய். மீதி ஆறு நாள் நான் ஏரியில் பனிச்சறுக்குப் போகிறதும், ரைலியோடு சண்டை போட்டுச் சீட்டாடுகிறதும், கையில்லாத பனியனோடு ரொட்டி சுடுகிறதும் உனக்குத் தெரியாது. ஒரு தடவையும் கேட்கவில்லை மகனே. கேட்காமலே மெஷின் பழையதாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று பத்திரம் அனுப்பிவிட்டாய்.

கையெழுத்துப் போட மாட்டேன். அந்த ஜனங்களுக்கு நீயே மரியாதையாக இல்லை என்று சொல்லிவிடு. எனக்கு முடியாமல் போகிற நாள் வரத்தான் செய்யும், அன்றைக்கு அதை உனக்கு முதலில் சொல்பவள் நான்தான், சாம்ப்சா அல்ல. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, பாசம் அதைவிட நிறைய இருக்கிறது. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் ஒற்றுமையாக இருங்கள், ஐடாவுக்கு என் முத்தம். உன் வீட்டு ஃபியூஸ் பெட்டியையும் ஆள் வைத்து ஒருமுறை பார்த்துக்கொள். இனிமேல் சனிக்கிழமை கூப்பிடாதே, செவ்வாய்க்கிழமை கூப்பிடு.

உன் அம்மா
கெர்த்து