முப்பத்தொரு அங்குலம்

யூன் 3, செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாசல் முழுக்க மண். இரண்டு தரம் கூட்டினேன், இரண்டும் வீண்.

மத்தியானச் சோற்றுப் பார்சல் 18. பாரைக் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல். துறைமுகக் கந்தோரில் வேலை செய்கிற ஒருவர் உப்புக் கூடிவிட்டது என்றாராம். கூடவில்லை. அவருக்கு நாக்கு சரியில்லை.

பின்னேரம் இவர், என் வீட்டுக்காரர், மேசையில் படத்தை விரித்தார். புதுக் குசினியின் படம். துறைமுக வேலைத்தளத்தில் முப்பது வருஷம் குழாய்களுக்குப் படம் கீறிய கை, கோடெல்லாம் நேர். காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலைக்கும் என்னுடைய ஊறுகாய்ப் போத்தல்கள். லண்டனில் இருக்கும் மச்சாள், இவருடைய அக்கா, வீடியோவில் பார்த்துச் சரி சொல்லிவிட்டா. கட்டப் போகிற மேசன், கிண்ணியா நஸார் பாஸும் பார்த்துவிட்டார். கடைசியாக நான். சமைக்கிறவள் என்றபடியால் காட்டினாரோ, போத்தல் கொண்டுவந்தபடியால் காட்டினாரோ தெரியாது.

பார்த்தவை:

- அடுப்பு மேற்கு யன்னலுக்குக் கீழே. கப்பல் பார்த்துக்கொண்டு சமைக்கலாமாம். மச்சாளின் யோசனை.
- மீன் கழுவ இடம் இல்லை.
- தேங்காய் திருவலைக்கு இடம் இல்லை. மெஷின் வருமாம்.
- பார்சல் கட்ட இடம் இல்லை. பூச்சாடிக்கு இடம் இருக்கிறது.
- மேடை உயரம் 36 அங்குலம்.

நான் நாலடி பத்து. இப்போதைய மேடை 34. அதற்கே பலகையில் ஏறி நிற்கிறேன். கலியாணம் முடித்த முதல் மாதம், மேடை உயரம், தோள் இழுக்குது என்று இவரிடம் சொன்னேன். அடுத்த நாளே வேலைத்தளத்திலிருந்து தேக்குப் பலகை ஒன்று, நாலு காலும் வைத்து, உப்புத்தாள் போட்டு மினுக்கிக் கொண்டுவந்தார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம். மேடையைக் குறைக்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஆகிறது.

36 ஏன் என்று கேட்டேன். அதுதான் அளவு என்றார். யாருடைய அளவு என்று கேட்கும் முன் செய்தி பார்க்கப் போய்விட்டார்.

யூன் 5, வியாழன்

காற்று. வெக்கை. பார்சல் 18.

ஒரு வேலை செய்தேன். குழாயடிக்குப் போகிற ஒவ்வொரு தரமும் பழைய பால்மா டின்னுக்குள் ஒரு புளியங்கொட்டை. காலை ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரை. எண்ணினேன். 63. ஒரு தரம் போக பதினொரு காலடி, வர பதினொன்று. பெருக்கிப் பார்த்தேன், பிறகு இந்த முழங்கால் ஏன் இப்படி என்று டாக்டரிடம் கேட்கத் தேவையில்லை.

எனக்கு வேண்டியது ஒரு ஒழுங்கு. மீன் பின்கதவால் வரும். கழுவ, வெட்ட, அரைக்க, அடுப்பு, பார்சல் கட்ட, முன்கதவால் போக. ஒரே பக்கமாக, திரும்பி நடக்காமல். இதற்கு லண்டன் வீடியோ தேவையில்லை, ஒரு நாள் என் பின்னால் நடந்தால் போதும்.

மத்தியானம் ஒற்றைக் காஸ் அடுப்பைக் கதிரையில் தூக்கி வைத்து மேற்கு யன்னலுக்குக் கீழே பற்ற வைத்தேன். மூன்று தரம் அணைந்தது. நாலாம் தரம் காஸ் மணம். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்று பார்த்தார். யன்னலைச் சாத்தலாம் தானே என்றார்.

கச்சானுக்கு யன்னலைச் சாத்திக்கொண்டு, பதினெட்டுப் பேருக்கு மீன் பொரிக்க. பிறகு எதற்கு யன்னல், எதற்குக் கப்பல்? ஆத்திரத்தில் பப்படம் கருக்கினேன்.

(ஃபோன் ரீலோட். மகள் துளசிக்கு நல்லெண்ணெய் போத்தல் ஒன்று. கந்தளாய் வங்கியில் அவளுக்கு ஏதோ பயிற்சி, இந்தக் கிழமை வரமாட்டாள்.)

யூன் 7, சனி

ஹஜ் பெருநாள். நஸார் பாஸ் வேலைக்கு இல்லை, வட்டிலப்பம் அனுப்பியிருந்தார். நல்ல பதம். இவர் மூன்று துண்டு, சீனி வருத்தம் எல்லாம் மறந்து.

மேசை துடைக்கும்போது படத்தைச் சுருட்டினேன். அடியில் இரண்டாவது தாள் ஒன்று. இதை எனக்கு விரித்துக் காட்டவில்லை.

வீட்டுக்குப் பின்னால், கிணற்றுப் பக்கம். ஒரு அறை 10×10. பக்கத்தில் மலசலகூடம். முன்னால் "வெளிக்குசினி 8×7, தகரக் கூரை". வெளிக்குசினியில் குழாய் இல்லை. அறைக்குள் சின்னதாகப் பென்சிலால் எழுதியிருந்தது: பெற்றோர்.

36 அங்குலம் அப்போதுதான் விளங்கியது. துளசி தகப்பனைப் போல உயரம்.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். எனக்கும் அம்மா இப்படித்தான் தந்தா. வீட்டு உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. நாளைக்குத் துளசி பெயரில் எழுதச் சொன்னால் எழுதுவேன், அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. ஆனால் கொடுக்கிறது நான் அல்லவா? என் வீட்டை நான் கொடுக்கும் முன்னமே எனக்கு அறையும் தகரமும் ஒதுக்கிவிட்டார்கள். உள்ளே ஒரு அழகுக் குசினி, வருகிறவர்கள் பார்க்க. வெளியே ஒரு புகைக் குசினி, நான் இருக்க. இந்த ஒழுங்கையில் பாதி வீட்டில் இதுதான் நடக்கிறது. பளபளப்பான அலுமாரிகளோடு உள்ளே ஒன்று, அதில் தேத்தண்ணீர் மட்டும் போடுவார்கள். வீட்டுக்காரி பின்னால் தகரத்துக்குக் கீழே வேர்த்துக்கொண்டு நிற்பாள். மீன் மணம் அலுமாரிக்கு ஆகாதாம்.

இதையும் எழுதத்தான் வேண்டும். அம்மா கடைசி ஆறு வருஷம் அந்தக் கிணற்றுப் பக்கம் ஓலைக்குக் கீழேதான் தனக்கென்று உலை வைத்தா. அவவே விரும்பிப் போனா என்று இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டேனா? கேட்கவில்லை. எழுதவே பிடிக்கவில்லை.

வட்டிலப்பம் மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தேன்.

யூன் 8, ஞாயிறு

கேட்டுவிட்டேன். காலைத் தேத்தண்ணீரோடு, இரண்டாவது தாளைக் கோப்பைக்குக் கீழே வைத்து.

இவர் ஒளிக்கவில்லை. சாம்பல்தீவிலிருந்து ஒரு சம்பந்தம் வருகிறதாம், அடுத்த மாதம் வீடு பார்க்க வருவார்களாம். குசினி இந்தக் கோலத்தில் இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று மச்சாள் சொன்னாவாம். என் முழங்காலையும் யோசித்தாராம். பார்சலை விட்டுவிட்டு, பின்னால் அமைதியாக, இரண்டு பேருக்கு மட்டும் ஒரு கறி வைத்துக்கொண்டு இருக்கலாமாம்.

"நீர் இனி எத்தினை நாளைக்கு நிண்டு அவியிறது? ஆறுதலா இரும் எண்டுதான்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கொதித்தது. முழங்காலுக்கு ஆறுதல் வேண்டுமென்றால் குழாயைக் கிட்டக் கொண்டுவரலாம். அந்த வெளிக்குசினிக்குக் குழாயே இல்லை. இரண்டு பேருக்குக் கறி வைக்கவும் கிணற்றில்தான் அள்ள வேண்டும். முப்பது வருஷம் குழாய்க்குப் படம் கீறிய மனிதன்!

"பார்சலை நிப்பாட்டச் சொல்லி நான் எப்ப கேட்டனான்?" என்றேன்.

இவர் எழும்பிப் போய் சைக்கிளைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த சைக்கிள்.

இவரோடு கதை நிறுத்தம், பேச்சே இல்லை.

யூன் 10, செவ்வாய்

பௌர்ணமி, போயா நாள். கந்தோர் லீவு, பார்சல் இல்லை. ஆனாலும் நாலு மணிக்கு விழிப்பு.

கதை நிறுத்தம் பத்து மணிக்கு முடிந்தது. அவருக்குத் தேவை வந்துவிட்டது. பெரிய கடித உறையோடு வந்தார். கட்டிட அனுமதிக்கான படிவம். காணி உரிமையாளர் கையொப்பம் வேண்டுமாம்.

"இதில ஒரு கையொப்பம் போடும். நான் இடத்தைக் குறிச்சு வைச்சிருக்கிறன்."

பேனையும் மூடி கழற்றித் தந்தார். வாசித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். வாசிக்க என்ன இருக்கிறது என்றார். வாசித்தேன். உள்ளே குசினியை மாற்ற அனுமதி தேவையே இல்லை. பின்பக்கம் புதிதாகக் கட்டுகிற அறைக்கும் தகரத்துக்கும்தான் இந்தப் படிவம்.

அதாவது, இந்த முழு வேலையிலும் என்னிடம் கேட்க வேண்டியிருந்த ஒரே விஷயம், என்னைப் பின்னால் அனுப்ப என்னுடைய கையொப்பம்.

படிவத்தை அரிசி வாளிக்குக் கீழே வைத்தேன். இருபது கிலோ அரிசி. அவர் எடுக்க ஏலாது, இடுப்பில் நாரிப் பிடிப்பு.

யூன் 13, வெள்ளி

மரக்கறி நாள். பார்சல் 16. பூசணிக்காய் நல்லாயிருந்தது.

பின்னேர பஸ்ஸில் துளசி வந்தாள். கால் கழுவக் கூட விடாமல் இரண்டு தாளையும் காட்டினேன். அவளுக்கும் தெரியாது. சம்பந்தம் வருவது கூடத் தெரியாது. பெடியனை ஒரு கலியாண வீட்டில் ஒரு தரம் கண்டதாம், அவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

என்னை விட அவளுக்குக் கோபம் வந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தாய் இப்படி நினைக்கக் கூடாது, ஆனால் இது நான் எழுதுகிற கொப்பி.

தகப்பனிடம் போய்ச் சத்தமில்லாமல் கேட்டாள்:

"அப்பா, என்ர உயரத்துக்குக் குசினி வேணுமெண்டு ஆர் உங்களிட்டக் கேட்டது?"

உனக்குத்தானே பிள்ளை வீடு என்றார். எனக்கெண்டால் எனக்கெல்லோ சொல்லியிருக்க வேணும் என்றாள். இவர் என்னைப் பார்த்தார், நான் சொல்லிக் கொடுத்தேனாம். நான் பூசணி விதை காய வைத்துக்கொண்டிருந்தேன்.

யூன் 14, சனி

காற்று கொஞ்சம் குறைவு.

விடியவே நானும் துளசியும் முற்றத்துச் சீமெந்தில் சோக்கால் குசினி கீறினோம், முழு அளவில். பின்கதவு, அதற்குப் பக்கத்தில் மீன் கழுவுகிற தொட்டி, வெட்டுகிற இடம், கிழக்குச் சுவரோடு அடுப்பு, அதற்கு ஒரு எட்டில் குழாய், முன்கதவுப் பக்கம் பார்சல் மேசை. யன்னல் யன்னலாகவே இருக்கட்டும், புகை போக. நான் வெறுங்கையோடு ஒரு காலைச் சமையலை நடந்தேன். மீன் வந்தது, கழுவினேன், தேங்காய் திருவினேன், கறி இறக்கினேன், பதினெட்டும் கட்டினேன். குழாய்க்குப் போன ஒவ்வொரு தரத்துக்கும் துளசி புளியங்கொட்டை போட்டாள். 19.

பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, சுகமோ என்று கேட்டா.

நஸார் பாஸ் வந்து கோட்டைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். இவருடைய படத்தையும் பார்த்தார். இவர் கதிரையில், டேப்பைக் கையில் உருட்டிக்கொண்டு.

"சமைக்கிற ஆள் சொன்னாத்தான் அக்கா எனக்கு வேலை லேசு. கையை மடக்குங்க."

மடக்கினேன். முழங்கையிலிருந்து நிலத்துக்குத் தன் டேப்பைப் பிடித்தார், ஒரு கை அகலம் கழித்தார். 31. துளசிக்கும் பிடித்தார். 36. இருபத்தெட்டு வருஷத்தில் என்னை அளந்து பார்த்த முதல் ஆள், தையல்காரியைத் தவிர.

பாஸ் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். ஏதாவது ஒரு அளவைச் சொல்லச் சொன்னார், செங்கல் பேச்சுக் கேட்காதாம்.

இவர் வாய் திறக்கும் முன் நான் சொன்னேன். முப்பத்தொண்டு. நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது, மதிலுக்கு மேலே தெரிந்த தலை மறைந்தது.

நாளைக்குப் பிள்ளை நாரி நோக நிற்கிறதோ என்றார் இவர். ஒரு நிமிஷம் எனக்கும் அது குத்தியது. அவள் என் பிள்ளை.

"நான் சமைக்கிற நாளில குனிஞ்சுகொள்ளுறன்," என்றாள் துளசி. "அம்மா ஏறித்தானே நிண்டவ."

பாஸ் குசினிச் சுவரில் கோடு போட்டார். இவர் டேப்பைக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பின் அறை பற்றி: வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிற நாளை நான் சொல்லுவேன். குழாயோடு. தகரம் இல்லாமல். படிவம் அதுவரை அரிசிக்குக் கீழே.

யூன் 20, வெள்ளி

பழைய மேடையை உடைத்தார்கள். எல்லாவற்றிலும் தூசி, உப்பில் கூட. முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமையல். பார்சல் நிறுத்தவில்லை, 15. ஒருவர் சோற்றில் மணல் என்றாராம். இந்த முறை உண்மை.

மச்சாள் ஃபோன். 31 அங்குலத்துக்கு அங்கே அலுமாரியே வராதாம். இங்கே தச்சன் இருக்கிறான் என்றேன். மீன் மணம் என்று தொடங்கினா. ஓம் மச்சாள், மீன் மணக்கும், மீன்தானே சமைக்கிறது என்றேன். பிறகு வெயிலைப் பற்றிக் கதைத்தோம்.

சாம்பல்தீவுக்காரர் வருவதைத் துளசி தள்ளிவைக்கச் சொல்லிவிட்டாள். பெடியனோடு முதலில் தான் கதைக்க வேண்டுமாம். நல்லது.

யூலை 4, வெள்ளி

மேடை காய்ந்துவிட்டது. அலுமாரி வரவில்லை, கதவும் இல்லை, பூச்சும் அரைவாசி. காத்திருக்கப் பொறுமை இல்லை, காலையே அடுப்பைத் தூக்கி வைத்துவிட்டேன். அணையவில்லை.

பலகையைப் பழக்கத்தில் காலால் தேடினேன். பிறகு அதைத் தூக்கி மூலையில் சாத்தினேன். வெறுங்காலோடு நின்றேன். சீமெந்து குளிர்ந்தது. கத்தரிக்காயைக் கீழே பார்த்து வெட்டினேன், தோள் தன் பாட்டில் இருந்தது. என் குசினி நிலத்தில் நான் நின்று சமைத்தது இன்றைக்குத்தான். அழுகை வந்தது, வெங்காயம் இன்னும் தொடவில்லை.

இவர் வந்து வாசலில் நின்றார். வெங்காயத்தையும் கத்தியையும் நீட்டினேன். வாங்கினார். குனிந்து வெட்டினார். ஐந்தாவது வெங்காயத்தில் நிமிர்ந்து நாரியைப் பிடித்தார். மூலையில் பலகையைப் பார்த்தார். பிறகு மேடையை. பிறகு பலகையில் என் கால் பட்டுத் தேய்ந்த இரண்டு இடத்தையும்.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான்."

வெங்காயம் பாதியில் கிடக்கிறது. பார்சல் 17.