கூலியாள் மக்கீன் எழுதுவது

அலவத்துகொட
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மருமகன் பஹ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுத்து ஏறி இறங்கிக் கிடப்பதற்கு மன்னித்துக்கொள். கோடு போட்ட கொப்பிதான், ஆனாலும் கை கோட்டுக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. நூல் பிடித்துக் கல் வைத்த கை, ஒரு 'ழ' வைக்கத் தெரியாமல் முழிக்கிறது. ஆமாம் மகன், இதை எழுதுவது நானேதான்.

உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஏழு மாதமாக ஞாயிறும் புதனும் சித்தி றலியா டீச்சரின் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். என் தங்கச்சி, உன் உம்மா, "நானா, பள்ளிக்கூட பேக் ஒண்டும் வாங்கித் தரவா?" என்று சிரித்தாள். போன கிழமை கண்டிக்கு மருந்து எடுக்கப் போனபோது பஸ் போர்டை நானே வாசித்து ஏறினேன். மாத்திரைப் பையில் "சாப்பாட்டுக்குப் பின்" என்று இருந்ததை வாசித்து, மருந்து கொடுத்த பிள்ளையிடம் சொன்னேன். அவள், "அதத்தானே நானும் சொன்னேன் ஐயா" என்றாள். வரும் வழியில் ஒரு கடைப் பலகையையும் விடவில்லை, எல்லாவற்றையும் சத்தமாக வாசித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்துவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

புரொஜெக்ட் மெனேஜ்மென்ட் சோதனை எடுக்கப் போகிறேன் என்று நீ கட்டாரிலிருந்து சொன்னபோது, அதிகம் மகிழ்ந்தவன் நான். வேலை முடிந்து வந்து படிக்கிறாய், லீவு நாளிலும் வகுப்பு என்றாய். மாமனும் மருமகனும் ஒரே நேரத்தில் படிக்கிறோம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். சோதனை எழுத விடுவதற்கு முன், வேலைகளை நீ தலைமை தாங்கி நடத்தியதற்குச் சாட்சி கேட்பார்கள் என்பதும் நீ சொல்லித்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை உன் பெண்சாதி அஸீமா இரண்டு கடிதம் கொண்டு வந்தாள். ஒன்று, போன நோன்பில் நீ லீவில் வந்தபோது என்னிடம் கைநாட்டு வாங்கியது. மற்றது அதே மாதிரித் தமிழில் டைப் அடித்த புதியது. சான்றிதழ் கொடுக்கும் கந்தோர் உன் விண்ணப்பத்தைச் சரிபார்க்கிறதாம், புதிதாக ஒன்று கேட்கிறதாம். மைப் பெட்டியையும் திறந்து வைத்து, "விரலை வைங்க மாமா, பஸ் போயிரும்" என்றாள். வாசித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். சிரித்தாள். நான் கண்ணாடியைப் போட்டதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு பக்கத்துக்கு முக்கால் மணித்தியாலம். முடித்ததும் முதலில் வந்தது சந்தோஷம். யாரிடமும் கேட்காமல் நான் முழுதாக வாசித்த முதல் பக்கம் அது. பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்பது உள்ளே இறங்கியது.

மலை ஊற்றிலிருந்து நம் அறுபத்திரண்டு வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுவந்த வேலையை மூன்று வருடமும் நடத்தியது நீயாம். மக்கீன் என்பவர் உன் கீழ் வேலை செய்த கூலியாள். அதை அந்தக் கூலியாளே உறுதிப்படுத்துகிறார். கீழே ரேகைக் கோடே இல்லாத ஒரு மை வட்டம். சீமெந்து தின்ற பெருவிரல். என்னுடையதுதான்.

ஊற்றைத் தேடிக் கண்டது யார், மண் சரிந்து குழாய் போனபோது ஆட்களை மறுபடி திரட்டியது யார் என்று ஊரில் கேட்டுப் பார். கூலி வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை, நாற்பது வருடம் செய்தவன். ஆனால் அன்று நீ என்ன சொன்னாய்? "என்னய உங்களுக்குத் தெரியும் எண்டு ஒரு கடிதம், அவ்வளவுதான் மாமா" என்றாய். நான் மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால், அல்லாஹ் மன்னிக்கட்டும், சரியென்று விரலை வைத்தும் இருப்பேன். அதற்குக்கூட நீ என்னை நம்பவில்லை.

புதிய கடிதத்தில் நான் ஒன்றும் வைக்கவில்லை. அலுமாரியில் கிடக்கிறது.

இதோடு வேறொரு தாள் இருக்கிறது. நீ உண்மையில் செய்ததை அதில் எழுதியிருக்கிறேன். எந்த வீட்டார் எந்த நாள் குழாய் புதைக்கக் கான் வெட்ட வரவேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பட்டியல் போட்டது நீ. மேல் காணிக்காரர் பண்டா மாத்தயா குழாயைப் போக விடமாட்டேன் என்று நின்றபோது, ஐந்து தரம் போய்ப் பேசி மனதை மாற்றியதும் நீ. எனக்கு முடியாமல் போன வேலை அது. கூட்டிப் பார்த்தேன், பதினொரு மாதம் வருகிறது. அதற்கு எந்தக் கந்தோர் கேட்டாலும் நான் சாட்சி. மிகுதிக்கு இனி வேலை செய். சோதனை அடுத்த வருடமும் இருக்கும்.

அஸீமாவை ஏசாதே. போகும்போது அழுதாள்.

உன் உம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மகன் மெனேஜராகப் போகிறான் என்று பள்ளிக்கு நேர்ச்சை வைத்திருக்கிறாள். கண்ட இடமெல்லாம், "பஹ்மிட பேப்பர் சரியா நானா?" என்கிறாள். தலையை ஆட்டிவிட்டு நடக்கிறேன்.

அடுத்த கிழமையும் ஜும்ஆ முடிந்து எழுதுவேன். அதற்குள் உம்மாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்குப் போன் மட்டும் பண்ணாதே, மகன். உன் குரலைக் கேட்டால் அந்தக் கடிதத்தில் விரலை வைத்துவிடுவேன். அல்லாஹ் நம் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும்.

உன் மாமா,
மக்கீன்