துவக்கை வெட்டி வாள் வைத்தவள்

என் மகள் ஹாஜறாவின் அன்பு வாப்பாவுக்கு,

உங்களை அடக்கிய கப்றடிக்குப் பெண்பிள்ளை நான் வர முடியாது. அதனால் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். ஊரும் வாசிக்கட்டும். நீங்கள் மௌத்தாகி ஒரு வருசம் ஆகப்போகிறது. உங்கள் மேல் எனக்குள்ள அன்பு குறையவில்லை. கோபமும்தான்.

குளக்கட்டு வேலை முடிந்து நாடு திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர், தன் கந்தோரில் கிளாக்கராக இருந்த உங்களுக்கு ஒரு பெட்டி நிறைய ஈயச் சிப்பாய்களைக் கொடுத்துவிட்டுப் போனார். விரல் நீளப் பொம்மைகள். எல்லார் கையிலும் சுடுகிற துவக்கு. உங்களுக்கும் தபால் கந்தோர் சாமுவேல் மாஸ்டருக்குமோ பழங்காலத்து ராசாக்களின் சண்டையை விளையாட ஆசை.

"துவக்கோட எப்பிடிகா ராசாமார் சண்ட பிடிக்கிற?" என்று என்னிடம் சலித்துக்கொண்டீர்கள்.

முதல் துவக்கைப் பாக்குவெட்டியால் நறுக்கியது யார்? பழுக்கக் காய்ச்சிய ஊசியால் சிப்பாயின் கைப்பிடியில் துளை போட்டது யார்? மருதமுனையில் என் வாப்பாவின் தறியில் உடைந்துபோன அச்சுக் கம்பிகளை வாங்கி வந்து, அம்மியில் வைத்துத் தட்டி வாளாக்கினேன். கொண்டை ஊசி ஈட்டியானது. பால்பேணித் தகரம் கோடரியானது. உங்கள் சட்டைப் பொத்தான்கள் கேடயங்களாயின. எல்லாவற்றையும் விளாம்பிசினால் ஒட்டினேன். நீங்கள் பக்கத்தில் இருந்து, "இவனுக்குக் கோடரி வைகா, மூஞ்சப் பார்த்தா கோபக்காரன் போல இரிக்கி" என்பீர்கள். எவ்வளவு சிரித்தோம்!

பிறகு சாமுவேல் மாஸ்டர் வந்தார். ஒரு குதிரைவீரனைத் தூக்கிப் பார்த்து, "ஆர் செஞ்ச?" என்று கேட்டார்.

"என்ட கைவேலதான், மாஸ்டர்" என்றீர்கள் நீங்கள்.

திரைக்குப் பின்னால் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்றேன். அவர் போனதும், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "பொம்புள செஞ்சதெண்டு செல்ல வெக்கமா இரிக்கி. ஆர் செஞ்சா என்ன, நம்மட ஊட்டுச் சாமான்தானே?" என்றீர்கள். அதில் என்ன வெட்கம்? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்த நீங்கள் பிறகு எழும்பவேயில்லை. வெளி ஆண்கள் முன் வராமல் நான் இத்தா இருந்த நாட்களில் மாஸ்டர் உங்கள் கூடப்பிறந்த காக்காவிடம் வந்தார். "அவர்ட கைவேல, ஞாபகத்துக்கு ஒண்டு தாங்க" என்றார்.

உள்ளேயிருந்து என் வாய் சும்மா இருக்கவில்லை. "அது அவர்ட கைவேல இல்ல. நான் செஞ்சது."

"மௌத்தானவரப் பொய்யனாக்கப் பாக்கிறயா?" என்று காக்கா கத்தினார். உருவப் பொம்மை வீட்டுக்கு ஆகாது என்று சொல்லி, அடுத்த நாளே பெட்டியைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், எல்லாவற்றையும் உருக்கி வலைக்கு ஈயக்குண்டு வார்த்துவிட்டார். அவரை நான் என்ன குறை சொல்ல? நீங்கள் சொன்னதைத்தான் அவர் நம்பினார். உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருந்தால், நான் பொய்க்காரியாகியிருப்பேனா?

போன கிழமை மாஸ்டர் மறுபடி வந்தார். கொழும்பில் வாங்கிய புதுச் சிப்பாய்களை ஹாஜறாவிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்றபடி, "தங்கச்சி, இதுக்கும் வாள் வச்சுத் தருவீங்களா?" என்று கேட்டார்.

"தாறன். ஆர் செஞ்சதெண்டு கேட்டா, என்ட பேரச் செல்லணும்."

"ஓம், சொல்லுறன்" என்றார்.

அவ்வளவுதான். யோசிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. வேற்று மனிதர் ஒரே மூச்சில் சொன்னதை, ஒரே பாயில் படுத்த உங்களால் ஏன் சொல்ல முடியவில்லை? அன்றிரவு நான் அழுதது உங்கள் பிரிவுக்காக அல்ல.

அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்பேன். அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் ஹாஜறா வளர்ந்து, வாப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்கும் நாளில், அன்பானவர் என்றும் சொல்வேன், இதையும் சொல்வேன்.

உங்களோடு சிரித்த, உங்கள் வாயில் பெயர் வராத,
உங்கள் பெண்சாதி
றஹ்மத்தும்மா